மரை மட்டும் பொருந்திய லென்ஸ்

1962 நவம்பர் 12 என்று தேதியிட்ட கடிதம் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. கொழும்பில் கேமரா விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருவர் எனக்கு எழுதியது. மூன்றே வாக்கியம். "தாங்கள் கேட்ட லென்ஸ் எங்களிடம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருப்பதால் எப்போது வரும் என்று சொல்வதற்கும் இல்லை. வேறெங்காவது பழையது வாங்குவதானால் தங்கள் கேமராவில் பூட்டி, ஒரு ஃபிலிம் எடுத்துக் கழுவிப் பார்த்த பிறகே வாங்கவும்."

முதல் இரண்டு வாக்கியங்களின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். மூன்றாவதன் கீழே ஒன்றுமில்லை. வாசித்தவன் எவ்வளவு பெரிய அறிவாளி என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் என்னிடம் கிடையாது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கும் வியாதி எனக்கு அதற்கு முன்பே தொற்றியிருந்தது. மழை தொடங்கிய நேரம், ரயில் பிந்திய நிமிடங்கள், முடி வெட்டிக்கொண்ட நாள் எல்லாம் நோட்டில் இருக்கும். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்கா காமாட்சி, "தம்பி தும்முனாலும் நோட்டுல ஏத்திட்டுத்தான் மூக்கத் தொடைப்பான்" என்று தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுவதும் சொல்லி வைத்திருந்தாள்.

எழுத்து போதாது, படமும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது 1961இல். தோட்டத்துத் துரைமார் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படிப் போன ஒரு சின்ன துரையிடம் ஜெர்மன் கேமரா ஒன்றை வாங்கினேன். ரேஞ்ச்ஃபைண்டர் என்று சொல்லுகிற வகை. இதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். எதிரே நிற்கிற ஆள் அந்த ஜன்னலில் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கிவந்து ஒன்றாகச் சேரும். சேர்ந்த இடத்தில் படம் எடுத்தால் தெளிவாக விழும். வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான் வைத்துக்கொள்ளவில்லை.

லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்ததைத் துரை சொல்லவில்லை. எங்கள் ஊர் ஈரத்தில் சப்பாத்து, சாமி படம், சம்பளத்துக்கு எடுத்து வைத்த பை எல்லாமே பூஞ்சணம் பிடிக்கும். நானோ கேமராவைத் தோல் உறையில் போட்டு, கம்பளியில் சுற்றி, மரப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். பூஞ்சணம் குடித்தனம் நடத்த இதைவிட வசதியான இடம் லயத்து ஒற்றை அறைக் காம்பராக்களை விட்டால் வேறு இல்லை. ஓராண்டில் லென்ஸின் ஓரமெல்லாம் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. படங்கள் சற்றுப் புகைபிடித்தாற்போல விழுந்தன. ஆனாலும் விழுந்தன; காமாட்சியைக் காமாட்சி என்று அடையாளம் சொல்ல முடிந்தது. அது போதாது என்று நினைத்தேன்.

அதே கேமராவுக்குப் பொருந்துகிற வேறு லென்ஸ் தேடி அலைந்தேன். கண்டியில் ஒரு கடையில் இருந்தது. அதை வாங்குவதானால் நாலு மாதச் சம்பளத்தை அங்கே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நுவரெலியாவில் ஓய்வு பெற்ற துரை ஒருவர், தன் லென்ஸைக் காட்டுவேன், தரமாட்டேன் என்றார். பட்டிப்பொல ஸ்டேஷனில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரயிலேறிப் போனேன். அவரிடம் இருந்தது தொலைநோக்கி. (அதையும் பூட்டிப் பார்த்தேன் என்று என் வீட்டார் சொல்வது பொய்.)

இந்த நிலையில்தான் 1963 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் வீரையா அந்தத் தோட்டத்தில் யூனியன் தலைவர். அவர்களுடைய லயத்தில் பதினொரு காம்பரா. பதினொன்றுக்கும் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை. நாலு தடவை மனுக்கொடுத்து, கடைசியில் மே மாதம் லேபர் ஆபீஸ் அதிகாரி நேரில் விசாரிக்க வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

"வர்றதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல மாப்ள" என்றார் மச்சான். "போன தடவ வந்தப்ப என்னா நடந்துச்சு. அவரு வர்றதுக்கு முந்தின வாரம் துரை சுண்ணாம்பு அடிச்சாரு, தகரத்துல தாரு பூசுனாரு. வந்த ஐயா லயத்தப் பாத்துட்டு, பால் மாதிரி இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. இந்தத் தடவ சுண்ணாம்பு அடிக்கறதுக்கு முன்னயே படம் எடுத்து வச்சிக்கணும்னு யூனியன் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. படம் இருந்தாத்தான் கேஸ் நிக்குமாம்."

"யார் எடுப்பது?"

"ஹட்டன்ல ஸ்டூடியோ வச்சிருக்காருல்ல, சூசை அண்ணன். கலியாணப் படம் எடுக்க வர்ற மாதிரி வந்து எடுத்துத் தர்றேன்னுட்டாரு. வீட்டுக்கு வீடு கொஞ்சம் போட்டிருக்கோம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் யாராவது என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

"சூசை எதுக்கு மச்சான்? மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களை எடுத்துப் பழகியவருக்குத் தகர ஓட்டையை எடுக்கத் தெரியுமா? நான் எடுத்துத் தருகிறேன். இது சரித்திர ஆவணம். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், விவரம் எல்லாம் எழுதித் தருவேன்."

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "ஒன் கேமராவுலதான் பூசணம் புடிச்சிருக்குன்னு சொன்னியே."

"அதற்குள் நல்ல லென்ஸ் வாங்கிவிடுவேன்."

"லென்ஸ் வாங்கு, வேணாங்கல. ஆனா தம்பி, நாங்க ராத்திரியில பாய சுருட்டிட்டு ஒக்காந்திருக்கோம். அத மறந்துறாத."

மறக்கமாட்டேன் என்று சொன்னேன். சூசைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிய கடிதத்தையும் நானே எழுதினேன்.

ஏப்ரல் விடுமுறையில், 7ஆம் தேதி, நல்லதண்ணிக்கு பஸ் ஏறினேன். யாத்திரிகர்கள் மலையேறும் காலம் ஆகையால் கடைகள் வரிசையாக இருந்தன. கம்பளிக் குல்லா, கற்கண்டு, ஊன்றுகோல், டார்ச் லைட் விற்கும் கடைகளுக்கு நடுவே, யாத்திரிகர்கள் கைச்செலவுக்கு விற்றுவிட்டுப் போகும் சாமான்களை வாங்கி விற்கும் சிங்கள முதலாளி ஒருவர் இருப்பதாகச் சக ஆசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். முதலாளி ஒரு பழைய பால்மா டின்னிலிருந்து பஞ்சில் சுற்றிய லென்ஸை எடுத்து வைத்தார். பூஞ்சணம் இல்லை, கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது.

"ரஷ்யா சாமான் மாத்தயா. ஒரு வெள்ளக்கார இஞ்சினியர் மல ஏற வந்தது. ஏறிட்டார். எறங்கி வாற நேரம் கால் ரெண்டும் வேல செய்ய இல்ல. இத குடுத்திட்டு கார் புடிச்சிப் போச்சு."

கேமராவைக் கொண்டுபோயிருந்தேன். பழைய லென்ஸைக் கழற்றிவிட்டு இதை வைத்துத் திருகினேன். சத்தமில்லாமல் மரையில் ஏறி, கடைசிச் சுற்றில் இறுக்கமாக உட்கார்ந்தது. அந்த லென்ஸ் பிறந்ததே என் கேமராவுக்காகத்தான் என்று தோன்றியது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். உச்சி இரண்டாகத் தெரிந்தது. லென்ஸைத் திருப்பினேன். இரண்டு உச்சியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்னும் திருப்பினேன். அசையவில்லை.

"சேரவில்லையே" என்றேன்.

"புது சப்பாத்து போட்டா கால் கடிக்குந்தானே மாத்தயா. கொஞ்ச நாள் போனா சரி வரும்."

வயது வந்த, சரித்திரம் படித்த, சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கு அந்த விளக்கம் நியாயமாகப் பட்டது. விலை என்னால் கொடுக்கக்கூடியதாக இருந்தது. பழைய லென்ஸையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குறையும் என்றார். கொடுத்தேன். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பங்கஸ் புடிச்சது. மாத்தயா மொகத்துக்காக எடுக்கிறது" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்.

மனதில் ஒரு சின்ன உறுத்தல் இருந்ததால், அடுத்த வாரம் அக்காவின் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்த்த முனியாண்டி அண்ணனிடம் கேமராவைக் கொண்டுபோனேன். அந்த ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டிக் கசக்கும் ரோலர்கள் என் அப்பாவைவிட வயதில் மூத்தவை. ஒரு பாகம் தேய்ந்தால் அதே பாகம் எங்கேயும் கிடைக்காது. லாரியிலிருந்து கழற்றியது, மூடிப்போன ஃபேக்டரியிலிருந்து வந்தது என்று எதையாவது கொண்டுவருவார்கள். முனியாண்டி அண்ணன் முதலில் பார்ப்பது மரையைத்தான். மரை ஏறினால் சாமான் சேரும். மற்றதை அரத்தால் ராவிச் சரிசெய்துகொள்வார். நாற்பது வருடமாக அந்தத் தோட்டத்தின் தேயிலை லண்டனுக்குப் போனது இந்த ஒரு விதியின் மேல்தான்.

அவர் லென்ஸைக் கழற்றினார், துணியால் துடைத்தார், இடுக்கி அளவுகோலை வைத்துப் பார்த்தார், மறுபடி திருகினார்.

"ஒரு நூல் வித்தியாசமில்ல வாத்தியாரே. இதுக்குன்னே செஞ்சது."

"ஜன்னலில் ரெண்டு உருவமும் சேரமாட்டேன் என்கிறதே அண்ணே?"

கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ளார ஒரு சின்னக் கை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு. லென்ஸோட முதுகு அதத் தொட மாட்டேங்குது. எதுக்கும் பூட்டுன ஒடனே ஒருவாட்டி ஓட்டிப் பாத்துருங்க. நாங்க ரோலருக்கு எதப் பூட்டுனாலும் கொழுந்து போடாம நாலு சுத்து ஓட்டிட்டுத்தான் கொழுந்து போடுவோம்."

கோளாறை அவர் விரலால் தொட்டுக் காட்டிவிட்டார். நான் அவர் பேச்சில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மரை சரி. அந்தச் சின்னக் கை துருப்பிடித்திருக்கும். ஓட்டிப் பார்க்க என்னிடம் ஃபிலிம் இல்லை. கட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த ஒரே சுருள்தான் இருந்தது, முப்பத்தாறு படம். அதைச் சோதனைக்கு வீணாக்குவதா?

அதோடு, ஜன்னல் இல்லாமலே வேலையை முடிக்க எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. லென்ஸின் மேல் தூரங்கள் மீட்டரில் செதுக்கியிருந்தன. நாடா வைத்து அளந்து, அடியை மீட்டராக்கி, அந்த எண்ணுக்குத் திருப்பிவைத்தால் போயிற்று. கண்ணை நம்புவதைவிடக் கணக்கை நம்புவது மேல் என்று அன்றைய நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு லயத்துக்குப் போனேன். பதினொரு வீட்டுப் பெண்களும் கூறைச் சேலையில் நின்றார்கள். தலையில் பூ. நெற்றியில் பளிச்சென்று பொட்டு. படம் எடுக்கிறார்கள் என்றால் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்திருந்தார்கள். காம்பராக்களைச் சாணம் போட்டு மெழுகி, ஒழுகுகிற இடத்தில் வைக்கும் சட்டி வாளிகளையெல்லாம் கொல்லையில் ஒளித்து, சுவர் வெடிப்பின் மேல் காலண்டர் மாட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி தன் கூரையின் மிகப் பெரிய ஓட்டையில் சிவப்புக் கடதாசியைச் செருகி, அதற்குக் கீழே நின்றாள்.

"லெட்சுமி, கொஞ்சம் நகரும்மா. ஓட்டைதான் படத்தில் விழவேண்டும்."

"ஓட்டையத்தான் தெனமும் பாக்குறோமேண்ணே. அதுக்கெதுக்குப் படம்?"

"அதிகாரிக்குக் காட்ட."

"ஓட்டைக்கு முப்பத்தாறு படம். எனக்கு ஒண்ணு இல்ல. இதுக்காக விடியக்கால எந்திரிச்சு சீவி முடிச்சேன் பாருங்க."

"நீ ஒதுங்கு புள்ள" என்றாள் அக்கா. "அவன் லென்ஸு ஒன்னயப் பாத்துச்சுன்னா ஓட்டையப் பாக்காது."

பிறகு நான் எல்லாவற்றையும் பழையபடி அலங்கோலமாக்கச் சொல்லி, காலண்டரைக் கழற்றி, வாளிகளை உள்ளே கொண்டுவரச் செய்து, வேலையைத் தொடங்கினேன். நாடாவின் ஒரு நுனியை மச்சான் ஓட்டைக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். மறுநுனி என் கேமராவில். அளந்து, நோட்டில் எழுதி, காகிதத்தில் பெருக்கி, லென்ஸைத் திருப்பி, மூச்சைப் பிடித்து எடுப்பேன். அக்கா வீட்டு வாசற்படியிலிருந்து கூரை ஓட்டைக்கு ஏழடி மூன்று அங்குலம். அதாவது இரண்டு மீட்டர் இருபத்தொரு சென்டிமீட்டர். ஒரு படத்துக்கு ஐந்து ஆறு நிமிடம். பன்னிரண்டரை வரை நடந்தது.

"மாப்ள, கை கழண்டு விழுது" என்றார் மச்சான், இருபதாவது படத்தில்.

"அரை அங்குலம் தவறினாலும் ஆவணம் கெட்டுவிடும் மச்சான்."

ஜன்னலில் எல்லாம் இரண்டிரண்டாக, ஆனால் மிகத் தெளிவாகத் தெரிந்தது. சிறிதும் மங்கல் இல்லை. ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் சுண்ணாம்பு வந்தது. மூன்றே நாளில் சுவர் வெள்ளையாகி, தகரமெல்லாம் தார் பூசிக் கறுத்து, லயம் புதுமாப்பிள்ளை போல நின்றது. மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "அடிங்கடா அடிங்க, எங்ககிட்ட படம் இருக்கு" என்று சுண்ணாம்படிக்கிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாராம்.

படம் கழுவ ஹட்டனில் இருந்தது ஒரே ஸ்டூடியோ. வரவேண்டாம் என்று நான் கடிதம் எழுதிய அதே சூசை. ஃபிலிமை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மே 21ஆம் தேதி, விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, போய் நின்றேன். முப்பத்தாறு படத்தையும் மேசைமேல் சீட்டுக்கட்டுபோல விரித்தார்.

"வாத்தியாரே, இதுல தலை எது கால் எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் குத்துமதிப்பா அடுக்கிருக்கேன்."

சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறம். காம்பராவுக்குள் எடுத்தவை இருட்டாக இருந்தன. இருட்டுக்குள் தட்டு தட்டாக வெள்ளை வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. கூரை ஓட்டைகள் அவை. குண்டூசித் தலை அளவு ஓட்டையெல்லாம் பௌர்ணமி நிலாவாகியிருந்தது.

"கேமராவக் குடுங்க" என்று வாங்கி, லென்ஸைக் கழற்றி, திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குப் புரிந்தது. "இது வேற வகைக் கேமராவோட லென்ஸு. அதுல உள்ள ஒரு கண்ணாடி ஆடிக்கிட்டிருக்கும், லென்ஸ் வழியாவே பாக்குற கேமரா. அந்தக் கண்ணாடிக்கு எடம் விட்டு லென்ஸு அரை அங்குலத்துக்கு மேல தள்ளி நிக்கும். ஒங்க கேமராவுல அது ஃபிலிமோட மூக்குல போய் ஒக்காந்திருக்கு. ரெண்டுக்கும் மரை ஒண்ணுதான். வேற எதுவும் ஒண்ணு இல்ல."

"அப்படியானால் நாடாவில் அளந்தது?"

"ஓஹோ, நாடா வேறயா?" என்றார் சூசை. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. உள்ளே இருட்டறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

பழைய லென்ஸில் எடுத்திருந்தால் பூஞ்சணத்தோடாவது விழுந்திருக்கும் என்றும், தான் வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பேன் என்றும் அவர் சொல்லவில்லை. இரண்டையும் நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். திரும்ப எடுக்க வழியில்லை. சுண்ணாம்பு அடித்தாயிற்று.

அன்றிரவே மச்சானிடம் ஓடி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்னவென்றால், இரண்டு நாளும் உட்கார்ந்து படங்களுக்கு விவரம் எழுதினேன். முப்பத்தாறு படத்துக்கும், முத்து முத்தான கையெழுத்தில், தேதி, நேரம், காம்பரா எண், தூரம். "படம் 14: காமாட்சி வீடு. கூரைத் தகரத்தில் ஓட்டை. வாசற்படியிலிருந்து ஏழடி மூன்று அங்குலம்." எழுதி முடித்ததும், படம் தெரியாவிட்டாலும் விவரம் தெளிவாக இருக்கிறதே என்று ஓர் ஆறுதல்கூட வந்தது. மச்சானிடம் "கொஞ்சம் மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

மே 23, வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனேன். தோட்டத்து ஆபீஸ் விறாந்தையில் விசாரணை. துரையின் சார்பில் தோட்டத்துத் தலைமை எழுத்தர், பெரிய கிளாக்கர், வந்திருந்தார். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், சாந்தமான மனிதர். மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் கட்டை அவரிடம் நீட்டினார். அதிகாரி கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"மாஸ்டர், இதில எது தகரம், எது ஆகாயம்?"

"ஐயா, விவரம் பின்பக்கம் இருக்கிறது."

"விவரம் வடிவாய்த்தான் கிடக்கு." பதினாலாம் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த வெள்ளை வட்டம் என்ன, நிலவோ?"

"ஓட்டை ஐயா."

பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "இம்மாம் பெரிய ஓட்டை இருந்தா மேலேருந்து மாடே விழுந்திரும் சார். அன்னைக்கு மூடுபனியா இருந்திருக்கும். பனியில எதையோ எடுத்துட்டு வந்து எங்க லயம்ங்குறாங்க."

"ஓ, பனியோ" என்றார் அதிகாரி, நிம்மதியாக. "அப்பிடியெண்டா விளங்குது. பனிக்குள்ள எடுத்தால் இப்பிடித்தான் வரும். அதை ஒரு குறையாய் எடுக்கேலாது."

தலையை ஆட்டியிருந்தால் போதும். அந்த நல்ல மனிதர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டிருந்தார். என் நோட்டோ மடியில் இருந்தது.

"இல்லை ஐயா" என்றேன். "28ஆம் தேதி காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை நல்ல வெயில். பனியே இல்லை. குறித்து வைத்திருக்கிறேன்."

மச்சான் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அந்தக் கட்டை விரல் நகம் ஜூன் 9ஆம் தேதி விழுந்தது.

பிறகு லயத்தைப் பார்க்கப் போனோம். வெள்ளைச் சுவர், கறுப்புத் தகரம், எல்லாம் ஒழுங்கு. இரண்டு மணியாகிவிட்டது. பெரிய கிளாக்கர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தலையாட்டலைக் கண்டபின் எனக்கு அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் காம்பராவில் அவருக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். அவர் மடியில் ஃபைலை வைத்து எதையோ எழுதத் தொடங்கினார். மச்சான் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். பதினொரு வீட்டுக் கூரையும் அந்தப் பேனா முனையில் இருந்தது. அது என்ன எழுதியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வெளிச்சம் குறைந்தது. அக்கா கொல்லைக்குப் போய் ஒரு வாளி, ஒரு குண்டான், ஒரு கிண்ணி மூன்றையும் எடுத்துவந்தாள். வாளியை அடுப்பின் பக்கம் வைத்தாள். குண்டானைக் கட்டில் கால்மாட்டில் வைத்து, காலால் ஒரு சாண் தள்ளினாள். கிண்ணியைப் பாயின் நடுவில் வைத்தாள்.

"ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கமா தள்ளி ஒக்காந்துக்குங்க."

"ஏன்?"

"அங்க ஒழுகும்ங்க."

"ஒழுகாது சார்" என்றார் பெரிய கிளாக்கர். "போன வாரம்தான் தாரு பூசினது."

அதிகாரி இருவரையும் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்தினார். இரண்டு நிமிடத்தில் மழை பிடித்தது. தகரத்தின்மேல் அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை. முதல் சொட்டு வாளியின் நடுவில் விழுந்தது. இரண்டாவது குண்டானில். பிறகு கிண்ணியில். பிறகு, சற்றுமுன் அவருடைய நாற்காலி இருந்த இடத்தில், கறுப்புத் தார்த் தண்ணீராக ஒரு சரமே இறங்கியது. மற்ற மூன்று இடத்திலும் ஒரு சொட்டுகூடப் பாத்திரத்துக்கு வெளியே போகவில்லை.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும் இந்த இடங்கள்?"

"பதினோரு வருசமா வைக்கிறேன்ங்க" என்றாள் அக்கா. "கண்ண மூடிக்கிட்டே வைப்பேன்."

அவர் எழுந்து, குடையைக்கூட எடுக்காமல், அடுத்த காம்பராவுக்குப் போனார். லெட்சுமி நாலு பாத்திரம் வைத்திருந்தாள். அதற்கடுத்த வீட்டில் ஆறு. பதினொரு வீடும் பார்த்தார். சுவரில் சுண்ணாம்பு பாலாய்க் கரைந்து வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கிளாக்கர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார், யாரும் கேட்கவில்லை. நான் நாடாவைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாக அமுக்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் தகரம் வந்தது. பதினொரு வீட்டில் ஏழுக்கு. மற்ற நாலுக்கும் அடுத்த வருடம் என்றார்கள். அடுத்த வருடங்களில் அந்த நாலில் இரண்டு குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. கோரிக்கை பாதி தீர்ந்தது என்று தோட்டம் கணக்கு வைத்துக்கொண்டது. லெட்சுமியின் வீடு அந்த நாலில் ஒன்று. அவள் போகவில்லை. ஓட்டையும் போகவில்லை.

லென்ஸ் இப்போது என் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்க வைத்த கனமாக இருக்கிறது. அந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. என் கலியாணத்துக்குப் படம் எடுத்தவர் சூசை. தாலி கட்டி முடித்ததும், "வாத்தியார்கிட்ட நாடா இருக்கான்னு பாத்துக்குங்க" என்று பெண் வீட்டாரிடம் சொன்னார். அவர்கள் காரணம் கேட்டார்கள். மச்சான் முக்கால் மணி நேரம் சொன்னார். அன்றிலிருந்து என் மனைவி வீட்டிலும் சேலை முந்தானையோ சாம்பார் உப்போ கொஞ்சம் அதிகமாக யோசித்துச் செய்யப்பட்டால் "ஏழடி மூணு அங்குலம்" என்பார்கள். தேயிலை மலையில் பனி இறங்கினால் அக்கா பிள்ளைகளைக் கூப்பிட்டு, "வந்து பாருங்க, மாமா படம் புடிச்சிருக்காரு" என்கிறாள்.

கடைசியாக ஒன்று. அந்த விசாரணை அறிக்கையில் என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு என்பது மச்சானின் வாதம். "இணைக்கப்பட்டுள்ள முப்பத்தாறு படங்களிலும் கடுமையான ஈரக்கசிவு தெளிவாகக் காணப்படுகிறது" என்று அதிகாரி எழுதினாராம். தகரம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாம். மச்சானுக்கு இதைச் சொன்னவர் யூனியன் ஆபீஸில் தேத்தண்ணி போட்டவர். அவருக்கு யார் சொன்னார் என்று தெரியவில்லை. அறிக்கையின் பிரதி கேட்டு நான் இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மச்சான் சொல்லும்போது அந்த வரி முந்திய வருடத்தைவிடக் கொஞ்சம் நீண்டு வருகிறது. எனக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை அதை நான் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை.